மின்சார பஸ்ஸும் பூஜ்யக் கணக்கும்

"கோலாலம்பூரில் எல்லாம் மின்சார பஸ் ஆனால் கரியமில வாயு பூஜ்யம், மானியம் முழுவதையும் அதில் போடலாம்" என்பது பாதி உண்மைதான். சார்ஜ் ஏற்றும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருகிறது.

1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. 100 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் குடிக்கும் பஸ்ஸுக்கு, கிலோமீட்டருக்கு 1.1 கிலோ. மின்சார பஸ், ஏர்கோனோடு சேர்த்து, கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் இழுத்தால், யூனிட்டுக்குச் சுமார் 0.75 கிலோ வீதம் 0.9. அவ்வளவுதான் வித்தியாசம்!

100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் கார் கிலோமீட்டருக்கு 0.18 கிலோ விடும். தனியே கார் ஓட்டும் 6 பேர் ஏறினாலே டீசல் பஸ்கூட ஈடுகட்டிவிடும். ரேபிட் கேஎல் பஸ், ரயில்களில் 30 நாள் வரம்பின்றிப் போக உதவும் மை50 பாஸ் 50 வெள்ளிதான் (ரிங்கிட்). மக்கள் காரை விடாததற்குக் காரணம் கட்டணமல்ல, காத்திருப்பு. எனவே கூடுதல் பஸ்களுக்கும் தனித் தடத்துக்கும்தான் முதல் பணம்.