நூறு வயசு இருப்பீங்க என்று சொல்லாதீர்கள்

வயதானவர் ஒருவர் தன் சாவைப் பற்றிப் பேச வாயெடுத்தால் போதும், "அதெல்லாம் எதுக்கு இப்போ, நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்று பேச்சை அடைத்துவிடுகிறோம். பாசத்தில்தான் சொல்கிறோம், எனக்குத் தெரியும். ஆனால் எழுபதைத் தொடப்போகிறவளாகச் சொல்கிறேன், அந்த ஒரு வார்த்தை எங்களைத் தனியாக்கிவிடுகிறது. மனதுக்குள் ஓடுவது ஒன்று, வெளியே பேச முடிவது வேறொன்று என்று ஆகிவிட்டால், கையில் இருக்கும் இன்றைய பொழுதை எப்படி முழுசாக வாழ்வது?

முடிவை நினைத்தால் மனம் சோர்ந்துபோகும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்டது வேறு மாதிரி இருக்கிறது. 18 முதல் 94 வயது வரை உள்ளவர்களிடம், ஒரு வாரத்துக்கு நாளொன்றுக்கு 5 முறை, எதிர்பாராத நேரங்களில், அந்தக் கணம் மனது எப்படி இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 5 ஆண்டு கழித்தும் 10 ஆண்டு கழித்தும் மறுபடி கேட்டார்கள். 2011-இல் முடிவு வெளியானது. வயது ஏற ஏற மனநிலை தேறியிருந்தது, நிதானப்பட்டிருந்தது. இன்னொன்றும் தெரிந்தது: சந்தோஷமும் துக்கமும் ஒரே கணத்தில் சேர்ந்து வருவது வயதோடு கூடியிருந்தது. என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான்.

இதற்குக் காரணம் வயது மட்டும் இல்லை, மிச்சமிருக்கும் காலம் பற்றிய உணர்வு என்கிறார் அவர். 1990-களில் அவர் குழுவினர் ஒரு கேள்வி கேட்டார்கள்: அரை மணி நேரம் கிடைத்தால் யாரோடு கழிப்பீர்கள்? முதியவர்கள் நெருங்கிய சொந்தத்தைத்தான் சொன்னார்கள். இன்னொரு ஆய்வில், எச்ஐவி நோய் முற்றியிருந்த இளைஞர்களும் மற்றவர்களை முதியவர்களைப் போலவே மன நெருக்கத்தை வைத்துத்தான் எடைபோட்டார்கள். ஒரு புது மருத்துவக் கண்டுபிடிப்பால் இன்னும் 20 ஆண்டு ஆரோக்கியமாக வாழலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றதும், முதியவர்களின் பதில் இளையவர்களின் பதிலைப் போலவே மாறிவிட்டது. நாள் குறைவு என்று தெரிந்தால் மனம் தானாகவே சல்லடை போட ஆரம்பிக்கிறது.

இதை நான் கண்ணாலேயே பார்த்தேன். என் தோழி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. நுரையீரல் நோய், மூக்கில் எந்நேரமும் ஆக்சிஜன் குழாய். எவ்வளவு நாள் என்று டாக்டரிடம் நேராகவே கேட்டார். சில மாதங்கள் என்று பதில் வந்தது. உயிலை எழுதி முடித்தார். வென்டிலேட்டர் வேண்டாம் என்று பிள்ளைகளை உட்காரவைத்துச் சொன்னார். மனதுக்கு ஒட்டாத சங்கப் பொறுப்புகளை விட்டார். அப்புறம் வந்த மாதங்களில் அவரிடம் இருந்த தெளிவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் பேரனின் கணக்கு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். பென்சில் முனை மழுங்கிவிட்டது. ஷார்ப்னரில் மெதுவாகத் திருகினார். சுருள் சுருளாக வந்த மரச்சீவலைக் கையில் எடுத்து, மூக்குக் குழாயை ஒரு நொடி நகர்த்திவிட்டு மோந்து பார்த்தார். "இத்தனை வருஷம் சீவியிருக்கேன்டி, ஒரு நாளாவது மோந்து பார்த்திருக்கேனா?" என்று சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள்ளேயே கண் கலங்கிவிட்டது. "அடுத்த வருஷம் இவன் ஆறாம் கிளாஸ். நான் இருக்க மாட்டேன்." நான் பேச்சை மாற்றவில்லை. அழுது முடித்தார், அடுத்த கணக்கைத் திருத்தினார். மேலே சொன்ன அந்தக் கலவை இதுதான் என்று நினைக்கிறேன். துக்கத்தைத் தள்ளிவைத்திருந்தால் அந்தப் பென்சில் வாசனையும் அவருக்குக் கிடைத்திருக்காது.

சாவதற்குள் பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட்டு ஓடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. முடிகிறவர்கள் போகட்டும். ஆனால் அதிலும் மனம் அடுத்த ஊரிலேதான் இருக்கும்.

வலி பற்றியும் சொல்ல வேண்டும். உடம்பு துடிக்கும்போது இந்தக் கணத்தை ரசி என்று யாரிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967-இல் லண்டனில், கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைக் கவனிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியபோது வலியைத் தணிப்பதை முதல் வேலையாக வைத்தார். 2010-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளில் வழக்கமான சிகிச்சையோடு வலிதணிப்புச் சிகிச்சையையும் ஆரம்பத்திலேயே பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாட்களில் தீவிர சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். அப்படியும் மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். அதனால் வலிதணிப்புச் சிகிச்சை என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சீக்கிரமே கேட்டு வாங்குங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர் அடுத்த முறை இந்தப் பேச்சை எடுத்தால் டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். உயில் எங்கே இருக்கிறது, ஐசியூ வேண்டுமா வேண்டாமா, யாரைப் பார்க்க ஆசை என்று கேளுங்கள். சரி, கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அது ஒரு முறை பேசித் தீர்ந்துவிட்டால், நாளைக்குக் காலையில் என்ன செய்யலாம் என்று அவரே கேட்பார்.