தயக்கம் சரி, ஆனா பேசவாச்சும் செய்யோணுமுங்க

மனநோய்க்கு மூளையில ஆபரேஷன்னா சர்ஜனுங்களே ஏன் தயங்கறாங்கன்னு கட்டுரையில கேட்டிருக்கீங்க. தயங்கறது சரிதானுங்க, அமெரிக்காவுல ஃப்ரீமேன்னு ஒருத்தர், சர்ஜனே கெடையாது நரம்பு டாக்டர், 1946ல இருந்து கண்ணுக்கு மேல எலும்பு வழியா மூளைக்குள்ள கம்பிய உட்டு ஆயிரக்கணக்கான பேருக்குப் பண்ணுனாரு, கூட இருந்த வாட்ஸ்ங்கற சர்ஜன் இது ஆகாதுன்னு விலகிட்டாரு.

ஆனா கோபி பக்கம் எங்க பெரியப்பா பையனுக்கு ஓசிடிங்க, ஒரே நெனப்பு திரும்பத் திரும்ப வந்து ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்ய வெக்கற மனநோய். வெடியால எந்திரிச்சா பத்து மணி வரைக்கும் கை கழுவறான், விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு ரத்தம் கசியுது, பெரியம்மா தேங்காண்ணெய் தடவி உட்டா அதும் அழுக்குன்னு மறுபடி கழுவறான். பத்து வருசமா மாத்திரை, கவுன்சிலிங், ஒண்ணும் கேக்கல. இவனாட்டம் ஆளுங்களுக்கு டிபிஎஸ்னு மூளைக்குள்ள மெல்லிசா கம்பி வெச்சு கரண்ட் குடுக்கறாங்க, வேண்டாம்னா நிறுத்திக்கலாம், அமெரிக்காவுல 2009லயே அனுமதி குடுத்துட்டாங்க. நம்ம 2017 மனநலச் சட்டப்படி ஆபரேஷனுக்கு நோயாளி சம்மதமும் மனநல மறுஆய்வு வாரிய அனுமதியும் வேணும், அந்தக் கட்டுப்பாடு கண்டிப்பா இருக்கோணும். ஆனா நாங்க பாத்த சர்ஜன் ஃபைலக்கூடத் தொறக்காம "அது எங்க வேலை இல்ல"ன்னு அனுப்பிட்டாரு, அதத்தானுங்க தாங்க முடியல.