பொருளியலுக்கு ஒரே ஆய்வுமுறை போதாது

"இதற்குக் கணித மாடல் எங்கே?" என்று கேட்டே எதிரில் இருப்பவர் வாயை அடைக்கும் பொருளியல்காரர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கணிதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது ஒன்றே போதும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

1968இல் காரெட் ஹார்டின் என்ற சூழலியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளுக்கொரு மாட்டைக் கூடுதலாக விட்டுக்கொண்டே போனால் கடைசியில் நிலமே அழியும் என்றார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் தனியாருக்குப் பிரித்துவிட வேண்டும் என்று பலர் முடிவுகட்டினார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் வேறொன்று கேட்டார்: மக்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? ஸ்விட்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தில் 1517இலேயே ஒரு விதி இருந்தது. குளிர்காலத்தில் தன்னால் தீனி போட்டு வளர்க்க முடிந்த மாடுகளுக்கு மேல் ஒன்றைக்கூட யாரும் மலை மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது. ராபர்ட் நெட்டிங் என்ற மானுடவியலாளர் அந்த ஊரை ஆராய்ந்து எழுதியதை ஆஸ்ட்ரம் எடுத்துக்கொண்டார். இதுபோல எத்தனையோ ஊர்களின் கதைகளைத் திரட்டினார். அதோடு நிற்கவில்லை. அதையே விளையாட்டுக் கோட்பாட்டில், அதாவது ஒருவர் முடிவு மற்றவர் முடிவைப் பொறுத்து எப்படி மாறும் என்று கணக்கிடும் கணிதத்தில், எழுதிப் பார்த்தார், ஆய்வகத்தில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார். ஒருவரோடொருவர் பேச விட்டாலே பொது வளத்தை அளவுக்கு மீறி எடுப்பது குறைந்தது! அரசியல் அறிவியல் படித்த இவருக்குத்தான் 2009இல் பொருளியல் நோபல் கிடைத்தது.

அப்படியானால் யார் எதைச் சொன்னாலும் சரியா என்பார்கள். இல்லவே இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தரவை வைத்துச் சோதிக்க வேண்டும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1992இல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தபோது, அங்கும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவகங்களைத் தொலைபேசியில் விசாரித்த பொருளியலாளர்கள் கார்டும் க்ரூகரும் வேலைவாய்ப்பு குறையவில்லை என்றார்கள். வேறு இரு பொருளியலாளர்களான நியூமார்க்கும் வாஷரும் சம்பளப் பதிவேடுகளை வைத்து அதை மறுத்தார்கள். கார்டும் க்ரூகரும் அரசுத் தரவோடு திரும்பி வந்தார்கள். ஊதியம் உயர்ந்தால் வேலை குறையும் என்று காட்டும் பாடநூல் வரைபடத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த வாதமே நடந்திருக்காது.

அதே 1992இல் 44 பொருளியலாளர்கள் பல ஆய்வுமுறைகளுக்கு இடம் தரும் பன்முகமும் கறாரும் சேர்ந்த பொருளியல் வேண்டும் என்று 'அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூ' இதழில் விளம்பரமாகவே வேண்டுகோள் வெளியிட்டார்கள். சாமுவேல்சன், மோடிக்லியானி, சைமன், டின்பெர்கன் ஆகியோரும் அதில் கையெழுத்திட்டார்கள். நால்வரும் நோபல் பெற்றவர்கள், கணிதத்துக்கு அஞ்சுகிறவர்கள் அல்ல. ஆனாலும் ஆய்வுமுறை பற்றிய ஒரு தாளைக்கூடப் படிக்காமல் பொருளியல் பட்டம் வாங்கிவிடலாம் என்ற நிலை இன்றும் பல இடங்களில் இருக்கிறது.