பெயரை மறைத்தால் போதாது

வைஃபை பெயரை மற்றவர் போன் பட்டியலில் தெரியாதபடி மறைத்துவிட்டாலே பக்கத்து வீட்டுக்காரர் நம் இணைப்புக்குள் வர முடியாது என்று வைஃபை திருட்டு பற்றிய இந்தக் கட்டுரையில் சொல்லியிருப்பது சரியில்லை. நம் போன் இணையும்போது அந்தப் பெயர் காற்றில் வெளிப்படத்தான் செய்யும். அதைப் பிடிக்க இலவச மென்பொருளே இருக்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கோ அதுகூடத் தேவையில்லை. திருப்பூரில் நாங்கள் இருப்பது லைன் வீடு, நடுவில் ஒரே சுவர். மாதம் 20ஆம் தேதிக்குள் டேட்டா தீர்ந்துவிடும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தால் இணைந்திருப்பவை 11 கருவிகள், எங்களுடையது நான்குதான். கடவுச்சொல்லை மாற்றினேன், மூன்றே நாளில் பழையபடி ஆனது. அப்புறம்தான் தெரிந்தது, என் மகனே பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போனில் வைஃபையின் க்யூஆர் கோடைக் காட்டியிருக்கிறான். ஆண்ட்ராய்டு 10 முதல் அந்த வசதி போனிலேயே இருக்கிறது, கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம், "பையன் படிக்கறதுக்குன்னு கேட்டிருந்தா நானே குடுத்திருப்பனுங்க்கா" என்றேன். அவருக்கு விஷயமே தெரியாது, பாவம், முகம் வாடிவிட்டது. இப்போது கெஸ்ட் நெட்வொர்க் (அதே ரவுட்டரில் வெளியாருக்கான தனி வைஃபை) ஒன்றைத் தனிக் கடவுச்சொல்லோடு அவர்களுக்கு வைத்திருக்கிறேன். மேலே கருத்து எழுதிய ஒருவர் நேராகப் போலீசுக்குப் போகச் சொல்கிறார். இணைப்பு நம் பெயரில் இருப்பதால் தப்பு நடந்தால் முதலில் நம் வாசலுக்குத்தான் வருவார்கள், அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடப் பையன்மேல் புகார் கொடுக்க எனக்கு மனசு வராதுங்க.