பென்சிலுக்கு அஞ்சாத வண்டி

கடைக்காரர்: கார் பெயிண்டுக்கு மேல் போடுகிற கோட்டிங்கில் செராமிக்தான் சார் பெஸ்ட். கெட்டி 9ஹெச். வைரம் 10 என்றால் இது 9. கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

டிராயிங் வாத்தியார்: 9ஹெச் என்பது பென்சில், தம்பி.

கடை: என்ன சார்?

வாத்தியார்: பென்சில். நடுவில் ஹெச்பி. பி பக்கம் போனால் மெத்து, ஹெச் பக்கம் போனால் கெட்டி. 9ஹெச் கடைசி. வைரத்துக்குப் போடுகிற மார்க் வேறு பரீட்சையில்.

கடை: ஆமாம் சார், டிரெயினிங்கில்கூடப் பென்சிலைத்தான் காட்டினார்கள். 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் எடை ஏற்றித் தள்ளுவார்கள். கீறல் விழாது!

வாத்தியார்: என் பிள்ளைகள் யாரும் 45 டிகிரியில் பென்சில் பிடித்ததே இல்லை. சரி, நான் குடவாசல் வழியாகத் திருவாரூர் போகிறவன். எதிரே ஜல்லி லாரி வரும். கல் தெறித்தால்?

கடை: கல்லுக்கு இது தாங்காது சார்.

வாத்தியார்: பென்சில் தெறித்தால்?

கடை: சார்…

வாத்தியார்: இல்லை, கேட்டு வைத்துக்கொள்கிறேன். குறுவை அறுப்பில் பாதி ரோடு நெல்லுக்கு, மீதி ரோடு நமக்கு. அதிலும் வைக்கோல் லாரி வந்தால் கதவை உரசிக்கொண்டுதான் போகும்.

கடை: வைக்கோல் ஒன்றும் செய்யாது சார். அதில் இருக்கிற மண்தான் கோடு போடும்.

வாத்தியார்: மண்ணில்லாத வைக்கோலுக்கு நான் எங்கே போவேன்? கோட்டிங் எவ்வளவு கனம்?

கடை: ஒன்று, இரண்டு மைக்ரான் வரும். ஆனால் தண்ணீர் நிற்காது. பாருங்கள்… (பாட்டிலைச் சாய்க்கிறார். பானெட்டில் தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு ஓடுகிறது.)

வாத்தியார்: ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று பழுத்துவிடுகிறது. உன் பானெட்டில் மட்டும் இப்படி ஓடுகிறது. தூர் வாரின கான்ட்ராக்டரை ஒருநாள் இங்கே கூட்டிவந்து காட்டு.

(கடைக்காரருக்கு இதற்குப் பதில் டிரெயினிங்கில் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டிலை மூடினார்.)

வாத்தியார்: காக்கை எச்சம்?

கடை: அதற்குத்தான் சார் இது! ஆனால் வெயிலில் காயவிடக் கூடாது. உடனே கழுவிவிட வேண்டும்.

வாத்தியார்: கோட்டிங் போடாவிட்டால்?

கடை: அப்போதும் உடனே கழுவிவிட வேண்டும்.

வாத்தியார்: ஆக, காக்கை என்னைத்தான் வேலை வாங்குகிறது. கல்லுக்கு என்னதான் வழி?

கடை: பிபிஎஃப் சார். பெயிண்டைக் காக்க மேலே ஒட்டுகிற யூரித்தேன் ஃபிலிம், 200 மைக்ரான் கனம். லேசாகக் கோடு விழுந்தால் வெயில் சூட்டில் தானாக மறைந்துவிடும். வண்டி முழுக்க ஒட்டினால் லட்சத்தை ஒட்டி வரும்.

வாத்தியார்: கல் முன்னால்தானே அடிக்கிறது? பானெட்டுக்கும் பம்பருக்கும் மட்டும் ஒட்டேன்.

கடை: ஒட்டலாம் சார். யாரும் கேட்பதில்லை.

வாத்தியார்: நீ யாருக்காவது சொன்னாயா?

கடை: செராமிக்கிற்கு ஐந்து வருஷம் வாரண்டி இருக்கிறது சார். (அட்டையை நீட்டுகிறார்.)

வாத்தியார்: (அட்டையைப் படிக்கிறார்) வாரண்டியில் கல்லடி சேராது. பறவை எச்சம் சேராது. உப்புத் தண்ணீர்க் கறை சேராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இங்கேயே காசு கொடுத்து சர்வீஸ் செய்யாவிட்டால் எதுவுமே சேராது. காருக்கு எப்படியோ, இந்த அட்டைக்கு நன்றாகக் கோட்டிங் போட்டிருக்கிறார்கள் தம்பி, ஒரு பொறுப்பும் ஒட்டவில்லை.

கடை: கையெழுத்து மட்டும் போடுங்கள் சார்.

வாத்தியார்: பென்சிலிலா?

கடை: (பேச்சை மாற்றி, தோளில் கிடந்த துண்டை உதறி பானெட்டைத் துடைத்தபடி) வண்டியில் ஏற்கெனவே வட்ட வட்டமாக மயிரிழைக் கோடுகள் இருக்கின்றன சார். பாலிஷ் போடாமல் செராமிக் அடித்தால் அத்தனையும் உள்ளேயே தங்கிவிடும். பாலிஷ் சார்ஜ் தனி.

வாத்தியார்: முதலில் அந்தத் துண்டை எடு.

கடை: சுத்தமான துண்டுதான் சார்.

வாத்தியார்: காலையிலிருந்து எத்தனை வண்டித் தூசியைத் துடைத்தாய்? அந்தத் தூசியை உலரவே வைத்துத் தேய்க்கிறாய். வட்ட வட்டமாக! கோடு போடுகிறவனும் நீ, அழிக்கக் காசு கேட்கிறவனும் நீ. என் வகுப்பில்கூட ரப்பரைத் தனியாக விற்றதில்லை.

கடை: அப்படியானால் வாக்ஸ் போட்டுவிடட்டுமா சார்? இரண்டு மூன்று மாதம்தான் நிற்கும். வாரண்டி கிடையாது.

வாத்தியார்: இன்று நீ சொன்னதில் இது ஒன்றுதான் உருப்படி. வாக்ஸ் போடு. முன்பக்கத்துக்கு மட்டும் ஃபிலிம் எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடு, பையனிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கடை: நாளைக் காலை பத்து மணிக்கு வண்டியை விடுங்கள் சார்.

வாத்தியார்: விடுகிறேன். துண்டு நான் கொண்டு வருகிறேன்.