ஆடுகிறவருக்குத் தன் விலை தெரிய வேண்டாமா?

தொழில்முறை இ-ஸ்போர்ட்ஸில், அதாவது வீடியோ கேம் போட்டிகளில், ஒரு வீரர் ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாறும்போது, அந்தப் பேரத்தின் முழு விவரமும் தெரியாத ஒரே ஆள் பல நேரங்களில் அந்த வீரராகவே இருக்கிறார். விற்கும் அணிக்குத் தொகை தெரியும். வாங்கும் அணிக்கும் தெரியும். பதினேழு, பதினெட்டு வயதில் அந்த ஆட்டத்தை ஆடுகிறவருக்கு மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றால் அதுவே விதிமீறல் ஆகிவிடக்கூடும். இந்த நிலை மாற வேண்டும் என்பதே என் கருத்து.

அணிக்கு ஐவராக ஆடும் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கணினி ஆட்டம் போன்றவற்றின் பெரிய லீக்குகளில், ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரிடம் இன்னோர் அணி நேரடியாகப் பேசக் கூடாது. முதலில் அவருடைய அணி நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். வீரரும் தன்னை எடுத்துக்கொள்ளும்படி வேறு அணியை அணுகக் கூடாது. மீறினால் அபராதமும் தடையும் உண்டு. இந்த விதிக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. தொடரின் நடுவில் ஒரு பணக்கார அணி வந்து ஐந்து பேரில் மூவரைக் கலைத்துக்கொண்டு போனால், எஞ்சிய இருவரும் பயிற்சியாளரும் தெருவில் நிற்பார்கள். ஆனால், அணிகளின் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட அதே விதி, ஒரு வீரரின் கழுத்தை நெரிக்கவும் பயன்படும் என்பதைத் தென்கொரியா 2019-இல் கண்ணால் பார்த்தது.

கிரிஃபின் என்ற கொரிய அணியின் இளம் வீரர் சியோ ஜின்-ஹியோக். களத்தில் அவர் பெயர் கனாவி. அந்த ஆண்டு அவர் சீனாவின் ஜேடி கேமிங் அணிக்குத் தற்காலிகமாக அனுப்பப்பட்டு, அங்கே நன்றாக ஆடினார். அந்த அணி அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ள விரும்பியது. அப்போது கிரிஃபின் நிர்வாகத் தலைமை, அனுமதியில்லாமல் நீ சீன அணியோடு பேசிவிட்டாய், இது வெளியே போனால் உன் ஆட்ட வாழ்க்கையே முடிந்துவிடும் என்று அவரை மிரட்டி, நீண்டகால ஒப்பந்தத்துக்குச் சம்மதிக்க வைத்தது என்பது குற்றச்சாட்டு. இதை வெளியே சொன்னவர், அதே அணியிலிருந்து உலகக்கோப்பைக்குச் சற்று முன்பு நீக்கப்பட்ட பயிற்சியாளர் கிம் டே-ஹோ. அவர் தம் நேரலையில் பேசிய பிறகுதான் ரசிகர்களும் பத்திரிகைகளும் நாடாளுமன்ற உறுப்பினர் ஹா டே-கியுங்கும் இதைக் கையில் எடுத்தார்கள்.

கொரியச் சட்டப்படி 19 வயது நிரம்பாத ஒருவர், வெளிநாட்டில், மொழி தெரியாத ஊரில், தன் அணித் தலைவர் சொல்வது சட்டமா மிரட்டலா என்று பிரித்தறிய ஒரு வழியும் இல்லாமல் நின்றிருக்கிறார். தன்னை வாங்க விரும்பும் அணியிடம் நேராகப் பேசி உண்மை நிலவரத்தைக் கேட்டிருந்தால், எந்தக் குற்றத்தைச் சொல்லி மிரட்டினார்களோ அந்தக் குற்றத்தையே அவர் செய்தவர் ஆகியிருப்பார். விதி போட்டிருந்த முடிச்சு அவ்வளவு இறுக்கமானது.

விசாரணை நடந்தது. நவம்பரில் கிரிஃபினுக்கு 10 கோடி வோன் அபராதம் விதிக்கப்பட்டது. நிர்வாகத் தலைமைக்குக் காலவரையற்ற தடை வந்தது. உண்மையைச் சொன்ன பயிற்சியாளருக்கும், வீரர்களிடம் கடுமையாக நடந்துகொண்டார் என்ற வேறொரு புகாரின் பேரில், அதே அளவு தடை விதித்தார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள், அதிபர் மாளிகைக்குப் போன மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இந்தக் கொதிப்பின் பலனாக 2020-இல் கொரிய நாடாளுமன்றம் இ-ஸ்போர்ட்ஸ் சட்டத்தைத் திருத்தியது. அதன் பின் அரசே மாதிரி ஒப்பந்தங்களை வெளியிட்டது. முழுநேர வீரருக்கு ஒன்று, பயிற்சி நிலை வீரருக்கு ஒன்று, வயது நிரம்பாதவர்களுக்குத் தனி இணைப்பு ஒன்று. கனாவி பின்னர் ஜேடி கேமிங்கிலேயே ஆடி, 2023-இல் அந்த அணியோடு எம்.எஸ்.ஐ. என்ற சர்வதேசத் தொடரின் கோப்பையை வென்றார். அவருடைய திறமையை யாரும் சந்தேகிக்கவில்லை. அந்தத் திறமைக்கு என்ன மதிப்பு என்பதை அவரிடம் மறைத்ததுதான் தவறு.

கால்பந்திலும் இதெல்லாம் உண்டே என்று நண்பர்கள் சொல்லலாம். உண்டு. ஆனால் அங்கே 1995-இல் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் வழக்கில், ஒப்பந்தம் முடிந்த வீரருக்குப் பழைய அணி பணம் கேட்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வலுவான வீரர் சங்கங்களும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கால்பந்து யாருடைய சொத்தும் அல்ல. இ-ஸ்போர்ட்ஸில் ஆட்டமே ஒரு நிறுவனத்தின் சொத்து. விதி எழுதுவதும் அந்த நிறுவனம், லீக் நடத்துவதும் அது, தண்டிப்பதும் அது. அங்கே தடை வாங்கியவர் வேறு லீக்குக்குப் போய் அதே ஆட்டத்தை ஆட முடியாது. அதனால்தான் ஆட்ட நிறுவனங்களின் பொறுப்பு மற்ற விளையாட்டு அமைப்புகளின் பொறுப்பைவிடக் கூடுதல் என்கிறேன்.

நல்லது நடந்த இடத்தையும் சொல்லியாக வேண்டும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸை உருவாக்கிய ரயட் நிறுவனம் தன் லீக்குகளில் ஆடும் வீரர்களின் ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி பட்டியலாக வெளியிடுகிறது. ஒவ்வொரு நவம்பரிலும் யார் சுதந்திரமாகிறார்கள் என்று ரசிகர்களுக்கும் தெரியும், அணிகளுக்கும் தெரியும், வீரருக்கும் தெரியும். எளிய ஏற்பாடுதான், ஆனால் பாதிப் பொய்களை அது ஒழித்துவிடுகிறது. இருந்தாலும் அந்தப் பட்டியலில் தேதி இருக்கிறதே தவிர, பைஅவுட் தொகை, அதாவது ஒப்பந்தம் முடியும் முன்பே வீரரை எடுக்க வாங்கும் அணி பழைய அணிக்குத் தரும் தொகை, இல்லை. நம் ஐ.பி.எல். ஏலத்தில் வீரருக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாது. ஆனாலும் அவர் எவ்வளவுக்குப் போனார் என்பது நாடே அறியும், அந்தத் தொகை அவருக்கே சம்பளமாகப் போகிறது. பைஅவுட் தொகையோ பழைய அணிக்குப் போகிறது. அது உயர உயர வீரரை வாங்க வருபவர்கள் குறைவார்கள்.

சில மாதங்களுக்கு முன் என் உறவில் ஒரு பையன், பிஜிஎம்ஐ என்ற கைபேசிச் சுடும் ஆட்டத்தை ஆடுகிறவன், பன்னிரண்டாம் வகுப்பு, தனக்கு வந்த ஒப்பந்தத்தின் பிடிஎஃப்-ஐ எனக்கு அனுப்பினான். “மாமா, இதுல கையெழுத்துப் போட்டா அடுத்த வாரமே பூட்கேம்ப் போயிடலாம். சும்மா ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க” என்றான். பூட்கேம்ப் என்பது அணியோடு தங்கிப் பயிற்சி எடுக்கும் முகாம். மூன்று ஆண்டுகள், அணி விரும்பினால் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டலாம், அவன் விரும்பினால் நீட்டவோ விலகவோ வழியில்லை. மாதச் சம்பளம் ‘ரோஸ்டரில் இருக்கும் காலத்துக்கு மட்டும்’, அதாவது ஆடுவோர் பட்டியலில் இருக்கும்வரை மட்டும். பெஞ்சில் உட்கார வைத்தால் சம்பளம் நிற்கும், ஆனால் ஒப்பந்தம் நிற்காது. அந்தக் காலத்திலும் வேறு அணியோடு பேசக் கூடாது. பைஅவுட் தொகை ‘நிர்வாகம் அவ்வப்போது தீர்மானிக்கும்’. இந்தக் கடைசி வரியை நான் மூன்று முறை படித்தேன். விலகுவதற்கான விலையை, விலகக் கூடாது என்று நினைப்பவரே, விலகும் நாளில் எழுதிக்கொள்ளலாம்.

நம் சட்டம் இங்கே எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கானுக்கும் அவருடைய பழைய மேலாண்மை நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், 2006-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை வைத்தே, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் கட்டுப்பாடு செல்லாது என்றது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது விதிக்கப்படும் கட்டுப்பாடுகளை நீதிமன்றங்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. ஆகவே ஐந்து ஆண்டு எழுதி வாங்கிக்கொண்டவர்கள் ஐந்து ஆண்டும் நிம்மதியாக இருக்கலாம். இந்த ஆட்டத்தில் ஐந்து ஆண்டு என்பது பலருக்கு முழு ஆயுள்.

வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்பது 1903-ஆம் ஆண்டின் மொகோரி பீபி வழக்கிலிருந்து நிலைபெற்ற சட்டம். இதைக் கேட்டு அந்தப் பையனின் அப்பா, “அப்ப பயமே இல்லையே, போட்டுட்டுப் போகட்டும்” என்றார். அது அவ்வளவு எளிதல்ல. ராஜ் ராணி என்ற இளம் நடிகைக்காக அவருடைய தந்தை படத் தயாரிப்பாளரோடு ஒப்பந்தம் செய்தார். பேசிய வேடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டதும் வழக்குத் தொடுத்தபோது, அந்த ஒப்பந்தமே செல்லாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. பையனை அணி கட்டாயப்படுத்த முடியாது என்பது உண்மைதான்; ஆனால் ஆறு மாதச் சம்பளம் வரவில்லை என்றால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவனும் கேட்க முடியாமல் போகலாம்.

இன்னொன்றும் நம் நாட்டுக்கே உரியது. 2022 ஜூலையில் பிஜிஎம்ஐ முடக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. ஆட்டமே இல்லாத அந்த மாதங்களில் வீரருக்குச் சம்பளம் உண்டா, அவர் விலகிக்கொள்ளலாமா என்பதற்கு அந்தப் பிடிஎஃப்-இல் ஒரு வரிகூட இல்லை.

அணிகளின் பக்கத்தையும் மனத்தில் வைத்தே பேசுகிறேன். வீடு எடுத்து, சாப்பாடு போட்டு, ஃபோனும் பயிற்சியாளரும் கொடுத்து ஓர் ஆண்டு வளர்த்த பையனைப் பெரிய அணி இலவசமாகத் தூக்கிக்கொண்டு போனால், சிறிய அணிகள் அடுத்த பையனை வளர்க்கப் போவதில்லை. கால்பந்தில் வளர்த்த அணிக்குப் பங்கு கொடுக்க முறை இருக்கிறது. அதுபோல ஒன்று இங்கேயும் வரட்டும். தொகை மட்டும் முன்பே எழுதப்பட்டதாக இருக்கட்டும்.

வீரர்கள் சேர்ந்து நின்றால் விதிகள் அசையும் என்பதற்கும் சான்று உண்டு. 2023-இல் வட அமெரிக்க லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வீரர்கள் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்தபோது தொடரின் தொடக்கமே இரண்டு வாரம் தள்ளிப்போனது. அதே ஆண்டு அமெரிக்க நீதித்துறை, சம்பளத்துக்கு மறைமுக உச்சவரம்பு வைத்ததாக ஓவர்வாட்ச், கால் ஆஃப் டூட்டி லீக்குகளை நடத்திய ஆக்டிவிஷன் பிளிசார்ட் மீது வழக்குத் தொடுத்து, இனி அப்படிச் செய்வதில்லை என்ற உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

இந்தியாவில் 2025-இல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக அங்கீகரித்திருக்கிறது. அதன்கீழ் எழுதப்படும் வழிகாட்டு நெறிகளில் வீரர் ஒப்பந்தத்துக்கும் இடம் வேண்டும். 18 வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் ஓராண்டைத் தாண்டக் கூடாது. அந்த ஓராண்டின் சம்பளத்தைப் போட்டி நடத்தும் நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். பைஅவுட் தொகை கையெழுத்திடும் நாளிலேயே எண்ணாக எழுதப்பட வேண்டும். வேறு அணி அனுமதி கேட்டு வந்தால் அந்தச் செய்தி குறித்த நாளுக்குள் வீரருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். பெஞ்சில் வைத்து சம்பளத்தை நிறுத்தினால், அன்றிலிருந்து அவர் யாரோடு வேண்டுமானாலும் பேசலாம்.

அந்தப் பையனுக்காக இவற்றில் இரண்டை மட்டும், பைஅவுட் எண்ணையும் பெஞ்ச் சம்பளத்தையும், திருத்தித் தரும்படி அணிக்கு எழுதினோம். மற்ற பையன்கள் எல்லோரும் இதே படிவத்தில்தான் கையெழுத்திட்டிருக்கிறார்கள் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. ஒரு பையனோ அவன் அப்பாவோ தனியாக நின்று மாற்றக்கூடியது அல்ல இது. போட்டியில் பதிவு செய்யும்போதே ஒப்பந்தத்தின் முடிவுத் தேதியையும் பைஅவுட் தொகையையும் கேட்டு வாங்கும் அதிகாரம் ஆட்ட நிறுவனத்திடம் இருக்கிறது. அடுத்த சீசன் ரோஸ்டர் பதிவிலிருந்தே அதைத் தொடங்கலாம்.