வாலாட்டினால் நாய் பூனைக்குட்டியை ஏற்றுக்கொண்டதா?

“புதுப் பூனைக்குட்டியைக் கையில் பிடித்து நாயின் மூக்கருகே காட்டுங்கள். வாலாட்டினால் சிநேகமாகிவிட்டது, இறக்கி விடலாம்” என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

வாலாட்டல் என்பது கிளர்ச்சியின் அடையாளம். அது எப்போதும் மகிழ்ச்சி அல்ல. உடல் தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் அகலமாக ஆடினால் சரி. வால் விறைத்து மேலே நின்று நுனி மட்டும் படபடக்கிறதா, வாய் மூடி, கண் குட்டியை விட்டு அகலவில்லையா? அது வேட்டைக்கு முந்திய நிலை. தன் இடத்தை விட்டுக்கொடுக்காத நாய் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரே கவ்வு, ஓர் உதறல், குட்டியின் கதை முடிந்துவிடும். பிடித்திருப்பவர் கையும் கீறலுக்குத் தப்பாது.

முதல் சில நாட்கள் குட்டிக்குத் தனி அறை. அது படுத்த துணியை நாயும், நாய் படுத்த துணியை அதுவும் மோந்து பழகட்டும். பிறகு தடுப்புக்கு இருபுறமும் நின்று இரண்டும் ஒன்றையொன்று பார்க்கலாம். நாய்க்குக் கயிறு கட்டாயம், குட்டிக்கு ஏறி ஒளிய உயரமான இடம் வேண்டும். உறுமினால் அடிக்காதீர்கள், தூரத்தைக் கூட்டுங்கள். அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம். பழக வாரங்கள் ஆகும், சில வீடுகளில் மாதங்கள்கூட.